செருமாமல் வந்த ட்ரோன்

முதலில் அதைக் குளவி என்றுதான் நினைத்தோம்.

தேயிலை மலையில் வளர்ந்தவர்களுக்கு அந்த இரைச்சலைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. குளவி கொட்டி ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. உயிர் போனவர்களும் உண்டு. சத்தம் கேட்டால் கூடையைப் போட்டுவிட்டு, படங்கை இழுத்துத் தலையில் மூடிக்கொண்டு தேயிலைக்குள் குப்புறப் படுக்க வேண்டும். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு யோசிக்காமலே உடம்பு அதைச் செய்துவிடும்.

அன்று சனிக்கிழமை, சாயந்தரம் ஐந்து மணி இருக்கும். ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் ஏழெட்டுப் பெண்கள் குறுக்குக்கட்டோடு குளித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் துணிகளை அலசிக் கொடுக்க நானும் இறங்கியிருந்தேன். யாரோ ஒருவர் "குளவி!" என்று கத்தினார். அவ்வளவுதான். வாளி ஒரு பக்கம், சோப்பு ஒரு பக்கம். பெண்கள் ஈரத் துணியோடு மேட்டில் ஏறி ஓடினார்கள். என் சின்னம்மா பாசி பிடித்த கல்லில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகி மூன்று வாரம் மலைக்குப் போகவில்லை. மூன்று வாரம் வேலைக்குப் பேர் போடவில்லை என்றால் மூன்று வாரச் சம்பளம் இல்லை.

அவரைத் தூக்கக் குனிந்து நிமிர்ந்தபோதுதான் மேலே பார்த்தேன். சாம்பல் நிறத்தில் நாலு இறக்கையோடு ஒன்று அப்படியே அந்தரத்தில் நின்றது. சவுக்கு மரத்தின் உச்சியை விடத் தாழ்வு. வயிற்றுப் பக்கம் ஒரு சின்னக் கெமரா. அது எங்களை நோக்கி மெதுவாகத் தலை சாய்த்ததை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், அப்புத்தளைப் பக்கம். லிப்டன் சீட்டுக்குப் போகிற ரோட்டில் விடியற்காலையிலேயே ஓட்டோக்கள் வரிசையாக ஏறும். மேகம் இல்லாத காலையில் அங்கிருந்து தெற்குச் சமவெளி முழுக்கத் தெரியும். அதைப் பார்க்கத்தான் இத்தனை பேரும் வருகிறார்கள். எல்லவுக்குப் பக்கத்தில் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறதே, 1921இல் கட்டி முடித்தது, அங்கே ரயில் வரும் நேரம் பார்த்தால் பாலத்துக்கு மேலேயும் ட்ரோன்கள் சுற்றும். அந்தக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் மலைக்கும் வந்துவிட்டது. எங்கள் டிவிசனுக்கு மேலே, ரோட்டோரக் காணியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் எழும்பியது. அதற்கு விளம்பர வீடியோ எடுக்க வந்ததுதான் அன்றைய ட்ரோன். ஓட்டியது வெளிநாட்டுக்காரர் இல்லை. எங்கள் தோட்டத்திலேயே பிறந்து, ஆசிரியையான என்னிடமே படித்த ஒரு தம்பி.

இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. திறந்த வெளியில்தானே குளிக்கிறீர்கள், அப்புறம் என்ன மறைப்பு? பொலிஸில் கேட்டார்கள், கெஸ்ட் ஹவுஸ் முதலாளி கேட்டார், டவுனில் இருக்கும் என் சொந்தக்காரர்களே கேட்டார்கள். அதனால் முதலில் பீலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் வீடுகள். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, அதாவது அறை. ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு. ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவில் கேட்கும். கட்டினவர்கள் குளியலறையை நினைத்தே பார்க்கவில்லை. மேட்டிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் ஒரு குழாயில் விழும், அதுதான் பீலி. எனக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்து ஐந்து வருஷம் ஆகிறது. அம்மாவும் சின்னம்மாவும் இன்னும் லயத்தில்தான்.

சுவர் கட்ட வசதி இல்லாத இடத்தில் எங்கள் ஆட்கள் வேறு மாதிரிச் சுவர் வைத்தார்கள். நாலரைக்கு மலை விட்டு வந்த பிறகு ஆறு மணி வரை கீழ்ப் பாதையில் ஆம்பிளைகள் போக மாட்டார்கள். அவசரம் என்றால் சவுக்கு மர வளைவில் நின்று செருமுவார்கள். பீலியிலிருந்து "வாங்க" என்றோ "செத்த நில்லுங்க" என்றோ பதில் வரும். நில்லுங்க என்றால் நிற்க வேண்டும். என் தாத்தா அப்படி நின்றிருக்கிறார், அப்பா நின்றிருக்கிறார். பையன்களுக்குப் பத்து வயதானதும் அதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அதை மீறினவனுக்கு லயத்தில் யாரும் தேத்தண்ணி கொடுக்க மாட்டார்கள்.

ஆகவே பீலி திறந்த இடம்தான், ஆனால் பொது இடம் இல்லை. அங்கே யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்பதற்கு ஒரு சம்மதம் இருக்கிறது. மேலிருந்து வரும் கெமராவுக்குப் பாதை இல்லை, வளைவு இல்லை, செருமல் இல்லை. பார்த்ததைத் திரும்பத் திரும்பப் பார்க்கவும், பார்க்காதவர்களுக்குக் காட்டவும் அதால் முடியும்.

இரண்டு வாரம் கழித்து கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் சின்னம்மாவின் மகன் போன் பண்ணினான். அவன் வேலை செய்யும் கடையில் யாரோ ஒரு வீடியோவைக் காட்டி, இது உன் ஊர்ப் பக்கம்தானே என்று கேட்டிருக்கிறார்கள். மேகம், தேயிலை, ரோடு, அப்புறம் பதினோரு விநாடி பீலி. யாருடைய முகமும் தெளிவாக இல்லை. ஆனால் அவனுக்கு அம்மாவின் சிவப்புப் பாவாடை தெரிந்தது, வீட்டு நீல வாளி தெரிந்தது, அம்மா விழுந்தது தெரிந்தது. போனில் அவன் அழுத சத்தம் இஸ்தோப்பு வரை கேட்டது. முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். தெரியாதவர்களுக்குத்தான் முகம் வேண்டும். தெரிந்தவர்களுக்கு ஒரு வாளி போதும்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததில் பாதி தப்பு.

என் தப்புதான் பெரியது. கோபத்தில் அந்த வீடியோவையே தோட்ட வட்ஸ்அப் குழுவில் போட்டு, "பாருங்க, நம்ம பொம்பளைகளுக்கு என்ன நடக்குதுன்னு" என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் அது பக்கத்துத் தோட்டங்களுக்கும் போய்விட்டது. கெஸ்ட் ஹவுஸின் பேஸ்புக் பக்கத்தில் பார்த்தவர்களை விட என்னால் பார்த்தவர்கள் அதிகமாக இருக்கலாம். சின்னம்மா என்னைத் திட்டவில்லை. இரண்டு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். இப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், ஆதாரம் காட்டுவதற்காகக்கூட. இணைப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் பெயர், தேதி, எத்தனையாவது விநாடியில் வருகிறது என்பது தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அதில் ஆட்கள் இருக்கும் பகுதியை மறைத்து ஒரு பிரதி, மறைக்காமல் ஒரு பிரதி. மறைக்காதது பொலிஸுக்கும் வக்கீலுக்கும் மட்டும்.

பையன்கள் கவண் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்த முறை ட்ரோன் வந்தபோது இரண்டு கல் பறந்தது. படவில்லை. பட்டிருந்தால் கேஸ் எங்கள் மேல்தான் வந்திருக்கும், ஏனென்றால் அடுத்தவர் பொருளைச் சேதமாக்குவது குற்றம். இன்னொன்று, அதற்குள் இருப்பது லித்தியம் பெட்டரி. அடிபட்டு லயத்துக் கூரையில் விழுந்து தீப்பிடித்தால் பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே கூரைதான். தோட்டத் தலைவர் பையன்களை இஸ்தோப்பில் உட்கார வைத்து இதைச் சொன்ன பிறகுதான் கவண் உள்ளே போனது.

பொலிஸுக்கு முதல் தடவை வாயால் சொல்லப் போனோம். அங்கே இருந்தவர் இரண்டு கேள்வி கேட்டார். "திறந்த இடத்தில்தானே குளிக்கிறீங்க?" என்பது ஒன்று. "அது யாருடைய காணி?" என்பது மற்றது. இரண்டாவதுக்கு எங்களிடம் பதில் இல்லை. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மண் அது. ஆனால் 1975இல் தோட்டம் அரசுக்குப் போனது, 1992இல் முகாமை கம்பனிக்குப் போனது, லயத்து ஆட்களின் கைக்கு ஓர் உறுதிப்பத்திரமும் வரவில்லை. அத்துமீறல் என்று சொல்ல, முதலில் காணி நம்முடையதாக இருக்க வேண்டும் என்று நாங்களும் நம்பிவிட்டோம். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தோம்.

அது தப்பான நம்பிக்கை. பண்டாரவளையில் வக்கீலாக இருக்கும், என்னோடு படித்த தோழி ஒருத்திதான் விளக்கினாள். நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமை என்று தனியாக ஓர் உரிமை கிடையாது. 2015இல் பத்தொன்பதாம் திருத்தத்தோடு சேர்ந்த 14அ உறுப்புரையில் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் தகவல் அறியும் உரிமையை மட்டுப்படுத்தக்கூடிய காரணங்களில் ஒன்றாகத்தான் அது அங்கே வருகிறது. அதற்காகச் சட்டம் வெறுங்கையோடு நிற்கவில்லை. நம் நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் ரோமன் டச்சுச் சட்டப்படி, ஒருவருடைய மானத்தையும் கௌரவத்தையும் வேண்டுமென்றே குலைத்தால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். "இதுக்குக் காணி உறுதி தேவையில்லடி. மானம் ஆளோடதான் இருக்கு, மண்ணோட இல்ல" என்றாள். சின்னம்மாவிடம் இதைச் சொன்னபோது, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

இன்னும் சிலதும் சொன்னாள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த வீட்டுத் தேவைக்காகச் செய்வதைத் தொடாது. கெஸ்ட் ஹவுஸுக்கு விளம்பரம் எடுப்பது வீட்டுத் தேவை இல்லை என்று வாதாடலாம். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் துன்புறுத்துவது பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. அந்தச் சட்டம் பேச்சுச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று பலர் எதிர்த்தார்கள், எனக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை, அதனால் நாங்கள் அந்த வழிக்குப் போகவில்லை. ட்ரோன் பறப்பதை ஒழுங்குபடுத்துவது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை, 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று நிறுத்தியதும் அவர்கள்தான். பிறகு நிபந்தனைகளோடு திறந்தார்கள். ட்ரோன் வைத்திருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவர்களிடமிருந்து வாங்கிய பதிவும் அனுமதியும் இருக்கிறதா என்பதுதான்.

இரண்டாவது தடவை பொலிஸுக்கு எழுதிக்கொண்டு போனோம். தேதி, நேரம், எவ்வளவு உயரம் என்று மரத்தோடு ஒப்பிட்டு, யார் யார் பார்த்தார்கள், சின்னம்மாவின் ஆஸ்பத்திரித் துண்டு, வீடியோ இணைப்பு, எல்லாம் ஒரு பக்கத்தில். தமிழில்தான் எழுதினோம். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. நம் முறைப்பாட்டை நம் மொழியில் கொடுக்க நமக்கு உரிமை இருக்கிறது. என்ட்ரி போட்ட பிறகு, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். "கெமரா வந்தது" என்று மட்டும் இருந்தது, பெண்கள் குளிக்கும் இடம் என்பது விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்த பிறகுதான் சின்னம்மா கையெழுத்துப் போட்டார். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வரக்கூடாது. வாயால் சொன்னபோது கேள்வி கேட்டவரே, எழுதிக்கொண்டு போனபோது நாற்காலி போட்டார். பெண்கள் தனியாகப் பேச நினைத்தால் 1938 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது. அதைக் காம்பராக் கதவுகளின் உட்பக்கம் எழுதி ஒட்டினோம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டியதை நாங்கள் கடைசியாகத்தான் செய்தோம். அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதைச் சொல்கிறேன்.

சின்னம்மா நொண்டிக்கொண்டே வந்தார். தம்பியின் அம்மா எங்களைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். தம்பி உள்ளே போய் ட்ரோனை எடுத்து வந்து மேசையில் வைத்தான். இறக்கைகளை மடக்கினால் வெட்டுக்கிளி காலைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. சின்னம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கா கிலோ சீனிகூட இருக்காதே" என்றார். சரியாகச் சொன்னார். 249 கிராம்.

அந்த எடைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவர்கள் 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனைப் பதிய வேண்டியதில்லை, அதனால் கம்பனிகள் ஒரு கிராம் குறைத்துச் செய்கின்றன. ஐரோப்பாவில் அந்த எடையிலும் கெமரா இருந்தால், பறக்கவிடுபவர் பதிய வேண்டும். தம்பிக்கு விற்ற கடைக்காரர், சின்னது என்றால் எதுவும் தேவையில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பெட்டியில் எழுதியிருக்கும் கிராம் எந்த நாட்டுக் கணக்கு என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. நம் நாட்டு விதியை நம் அதிகாரசபையிடம்தான் கேட்க வேண்டும் என்று அன்றே அவனுக்குச் சொன்னேன். ஆசிரியை குரல் வந்துவிட்டது, தலையைக் குனிந்து கேட்டான்.

"டீச்சர், சத்தியமா நான் பீலியைப் பாக்கலை. மேகம் ஏறிட்டு வந்துச்சு, அதைத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மடிக்கணினியைத் திறந்து, வெட்டாத முழு வீடியோவையும் காட்டச் சொன்னேன். காட்டினான். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் கூரை மேலிருந்து எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். காற்றுக்குத் தகரம் தூக்காமல் இருக்க வைத்த கற்கள், பழைய டயர்கள், காய வைத்த மிளகாய், பின்பக்கம் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகச் சின்னம்மா விரலால் தொட்டுச் சொன்னார். "இது ஒங்கம்மா. இது மேல் வீட்டுப் புள்ள, வயசுக்கு வந்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகலை. இது நான்." அவன் அதுவரை அவற்றைப் பார்க்கவே இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. வெயிலில் கைக்குள் அடங்கும் போன் திரையில் அவை வெறும் புள்ளிகள். பெரிய திரையில் ஆட்கள்.

அவனே ஒரு கணக்கும் சொன்னான், எனக்கு அது பிறகு மிகவும் உதவியது. அந்த ட்ரோனில் இருப்பது அகலக்கோண லென்ஸ். 4கே வீடியோவின் அகலம் 3840 புள்ளி. 60 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் அந்தப் புள்ளிகள் ஏறத்தாழ 90 மீட்டர் அகலத்துக்குப் பரவும், ஒரு முகத்துக்கு ஆறேழு புள்ளிதான் கிடைக்கும். 12 மீட்டர் என்றால் ஒரு முகத்துக்கு முப்பது புள்ளிக்கு மேல். அன்றைக்கு அவன் இறங்கியிருந்தது ஏறக்குறைய அந்த உயரத்துக்கு. அதனால் உயரம் பற்றிப் பேசாமல் எந்த உடன்பாடும் செய்யாதீர்கள். தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ் உள்ள பெரிய ட்ரோன்களும் இருக்கின்றன, அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எந்த மாடல் என்று கேட்டுக்கொள்வது நல்லது. எப்போது, எங்கே, எவ்வளவு உயரத்தில் பறந்தது என்ற பதிவு பல ட்ரோன்களின் செயலியில் தானாகவே சேர்ந்திருக்கும். நான் வரவே இல்லை என்று ஒருவர் சொன்னால் அந்தப் பதிவைக் காட்டச் சொல்லலாம்.

அன்று இரவே அவன் தன் யூடியூப்பிலிருந்து அதை எடுத்துவிட்டான். வேறு யாரோ எடுத்துப் போட்ட பிரதி ஒன்றும் யூடியூப்பில் கிடந்தது. அதற்குத் தனியுரிமை முறைப்பாடு செய்தோம். பொதுவாக அதைப் பாதிக்கப்பட்டவரே செய்ய வேண்டும், அடுத்தவருக்காக நாம் செய்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எத்தனையாவது விநாடி, என்ன உடுப்பு, எப்படி அடையாளம் தெரிகிறது என்றெல்லாம் கேட்பார்கள். போட்டவருக்கு 48 மணி நேரம் கொடுத்து, அவராக எடுக்காவிட்டால் பிறகு அவர்கள் பார்ப்பார்கள். சின்னம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் திறந்து, அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "சிவப்புப் பாவாடை, நீல வாளி" என்று அவர் சொன்னபோது என் கை கொஞ்சம் நின்றது. மூன்றாம் நாள் அந்தப் பிரதி போய்விட்டது.

கெஸ்ட் ஹவுஸ் முதலாளி மட்டும் அசையவில்லை. ஆகாயம் யாருக்கும் சொந்தமில்லை, அந்த வீடியோவால் எனக்கு புக்கிங் வருகிறது என்றார். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கடன் வாங்கிக் கட்டினவர். ஆனால் எங்களை அவர் ஆட்களாகப் பார்க்கவில்லை, காட்சியாகப் பார்த்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மத்தியஸ்த சபைக்குப் போனோம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது, நம் ஆட்கள் இணக்கசபை என்பார்கள். வக்கீல் வைத்து வாதாட முடியாது, நாமே பேச வேண்டும். எங்களுக்கு அது வசதியாக இருந்தது. பட்டியலிலிருந்து எங்களுக்கு ஒருவர், அவருக்கு ஒருவர், அந்த இருவரும் சேர்ந்து தலைமைக்கு ஒருவர், மொத்தம் மூன்று பேர். இணக்கம் வந்தால் எழுதித் தருவார்கள். வராவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம்.

நான் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன், சட்ட இலக்கம் எல்லாம் போட்டு. தலைமையில் இருந்தவர் அதை வாங்கி வைத்துவிட்டு, சின்னம்மாவைப் பார்த்து "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நட்டஈடு, மன்னிப்பு என்று என் பேப்பரில் வரிசையாக இருந்தது. சின்னம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் முதலாளியைப் பார்த்துச் சொன்னார். "ஐயா, பறக்கவே வேணாம்னு சொல்லலை. எங்க ஆம்பளைக வார மாதிரி செருமிட்டு வாங்க. அது போதும்."

முதலாளிக்குப் புரியவில்லை. அவருடைய பக்கத்து மத்தியஸ்தர் எங்கள் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரர், அவர்தான் சிங்களத்தில் விளக்கினார். அவர் கிராமத்து ஓடையிலும் அதே வழக்கம்தானாம்.

பிறகு எழுதியது ஒன்றரைப் பக்கம். லயங்களுக்கும் பீலிக்கும், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கும் மேலே பறப்பதில்லை. ரோட்டுக்கும் தேயிலைக்கும் மேலே மட்டும், அதுவும் சவுக்கு மர உயரத்துக்குக் கீழே இறங்காமல். மூன்றரையிலிருந்து ஆறரை வரை எங்கேயும் இல்லை. பறப்பதற்கு இருபது நிமிஷம் முன்னால் தோட்டக் குழுவுக்குச் செய்தி. ஆட்கள் தெரிகிற படம் எதுவும், அவர்களிடம் காட்டிக் கேட்காமல் வெளியே போகாது. கெஸ்ட் ஹவுஸில் தங்குபவர்கள் ட்ரோன் கொண்டுவந்தால் அவர்களுக்கும் இதே விதி. வாசலில் மூன்று மொழியிலும் அறிவிப்பு. சின்னம்மாவின் மூன்று வாரச் சம்பளத்தை முதலாளி கொடுத்தார். பழைய வீடியோ அவர் பேஸ்புக்கிலிருந்து அன்றே இறங்கியது. இது அதிகாரசபையின் விதிக்குப் பதிலாக வந்ததில்லை, அதற்கு மேலே நாங்கள் போட்டுக்கொண்டது. உங்கள் ஊரில் எழுதும்போது கட்டாயம் நேரத்தையும் இடத்தையும் பெயர் சொல்லி எழுதுங்கள். "தொந்தரவு செய்யக் கூடாது" என்று மட்டும் எழுதினால் எது தொந்தரவு என்று அடுத்த மாதமே சண்டை வரும்.

ட்ரோனே வேண்டாம் என்று சொன்னவர்களும் லயத்தில் இருந்தார்கள். ஐப்பசி மழையில் லயத்துக்கு மேல் மேட்டில் வெடிப்பு கண்டபோது அவர்களும் பேசாமல் இருந்தார்கள். 2014 அக்டோபர் 29ஆம் தேதி மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை, அங்கே சொந்தம் இழந்தவர்கள் எங்கள் டிவிசனிலும் இருக்கிறார்கள். ஏறிப் பார்க்க முடியாத அந்த மேட்டைத் தம்பி பறந்து படமெடுத்துக் கொடுத்தான். கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினோம். அன்றைக்கு லயமே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது, ஒருவரும் தலையை மூடவில்லை.

இப்போது காலையில் போனில் செய்தி வரும். "டீச்சர், 7 மணிக்கு, ரோட்டுப் பக்கம், 10 நிமிஷம்." யாராவது ஒருவர் "வாங்க" என்று போடுவார். ஒரு நாள் மேல் வீட்டில் சடங்கு, "இன்னைக்கு நில்லுங்க" என்று போனது. அன்று வரவில்லை.

டிக்டொக்கில் ஒரு பிரதி இன்னும் கிடக்கிறது. இரண்டு தடவை முறைப்பாடு செய்தாகிவிட்டது, மூன்றாவதை இந்த வாரம் அனுப்பியிருக்கிறோம். பீலிக்கு மூன்று பக்கம் சுவரும் மேலே தகரமும் போடப் பிரதேச சபைக்கு எழுதினோம். கல்லும் மணலும் வந்து இறங்கியிருக்கிறது, மேசன் வரவில்லை. சின்னம்மா இன்னும் சாயந்தரத்தில் குளிக்கப் போவதில்லை. இருட்டிய பிறகு டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்குகிறார். தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் இருப்பதால் நானும் கூடப் போய், சவுக்கு மர வளைவில் நிற்கிறேன்.